கனிமீடு என்ன பாவம் செய்தது?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையின் செங்கம் சாலையில், ரமணாசிரம வாசலைக் கடந்து கிரிவலம் போகிற கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் சந்திரன் நவக்கிரகங்களில் ஒருவர் என்பார்கள். பள்ளிப் பாடநூலில் அவருக்குக் கோள்களின் வரிசையில் இடமில்லை, வெறும் துணைக்கோள். ஜோதிடத்தையும் வானியலையும் இங்கே குழப்ப வேண்டாம். ஆனால் பெரிய நிலவுகளையும் கோள்களாக எண்ணலாமா என்று வானியலாளர்களே இப்போது மல்லுக்கட்டுகிறார்கள். எண்ணலாம் என்பவர்கள் பக்கம்தான் நியாயம் கூடுதலாக இருக்கிறது.

இதில் நம்மூர்ப் பங்கும் உண்டு. திருவண்ணாமலைக்கு வடமேற்கே ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகத்துக்கு 1972இல்தான் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு ஜூன் 7 அன்று, வியாழனின் நிலவான கனிமீடு மங்கலான ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு நகர்ந்தது. காற்றே இல்லாத உருண்டை என்றால் விண்மீனின் ஒளி சட்டென்று அறுபட வேண்டும். காற்று இருந்தால் கொஞ்சம் தயங்கித் தயங்கி மங்கும். காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் ஒளி தயங்கியது. ஜே.சி. பட்டாச்சார்யா இடம்பெற்ற குழு, கனிமீடுக்கு வளிமண்டலம் உண்டு என்று 1973இல் எழுதியது. அவர்கள் சொன்ன அழுத்தம் மிக அதிகம் என்பதை 1979இல் வாயேஜர் காட்டிவிட்டது. ஆனாலும் 1990களில் ஹபிள் தொலைநோக்கி அங்கே மிக மெல்லிய ஆக்சிஜனைக் கண்டது.

காற்று உண்டா, உள்ளே என்ன இருக்கிறது என்றெல்லாம் துருவிப் பார்ப்பது ஒரு கோளிடம் கேட்கும் கேள்விகள்தாமே? கனிமீட்டின் விட்டம் 5,268 கிலோமீட்டர், புதனுக்கு 4,879தான். சொந்தக் காந்தப்புலமும் அதற்கு இருக்கிறது. சனியின் டைட்டனில் காற்றழுத்தம் பூமியில் உள்ளதைப்போல் ஒன்றரை மடங்கு. மீத்தேன் மழை பெய்து ஏரிகளாகத் தேங்குகிறது.

2006இல் பிராகா நகரில் கூடிய வானியலாளர்களில் சில நூறு பேர் கை தூக்கி நிறைவேற்றிய வரையறை, சூரியனை நேரடியாகச் சுற்றினால்தான் கோள் என்கிறது. புளூட்டோ வேறொரு நிபந்தனையில் சிக்கி வெளியேறியது எல்லோருக்கும் தெரியும். டிரைட்டன் கதைதான் விசித்திரம். புளூட்டோவின் வட்டாரத்தில் சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்து, பிறகு நெப்டியூனின் ஈர்ப்பில் மாட்டிக்கொண்டதாகக் கருதப்படும் நிலவு அது. புளூட்டோவைவிடப் பெரியது. யாரைச் சுற்றுகிறது என்பது மாறியதும் அதன் இனமே மாறிவிட்டது என்பது வேடிக்கைதான்.

உருண்டையான எல்லாவற்றையும் சேர்த்தால் கோள்கள் நூறைத் தாண்டும், பிள்ளைகள் எப்படி மனப்பாடம் செய்வார்கள் என்று கேட்கிறார்கள். 118 தனிமங்களையும் எந்தப் பிள்ளை ஒப்பிக்கிறது? சுற்றுப்பாதையைக் கணக்கிடுகிறவர்களுக்கு நிலவு, கோள் என்ற பாகுபாடு அவசியம் என்பது மட்டும் வலுவான வாதம். அவர்கள் அதை வைத்துக்கொள்ளட்டும். ஒன்றுக்கு இரண்டு பட்டம் இருந்தால் குடி முழுகிவிடாது.

ஐரோப்பாவின் ஜூஸ் விண்கலம் 2023 ஏப்ரலில் புறப்பட்டுவிட்டது. 2034இல் கனிமீட்டையே சுற்றிவரப் போகிறது. அதற்குள் நம் பாடநூலின் கோள்கள் அட்டவணையில் புதனுக்குப் பக்கத்தில் கனிமீட்டின் விட்டத்தையும் அச்சிட்டு, காவலூரின் அந்த ஜூன் இரவைப் பற்றி ஒரு பத்தி சேர்க்கலாம்.