மழையிடம் பாடம் கேட்ட கித்தார்

இயற்கையை இசையில் கொண்டுவருவது என்றால் குயிலைப்போலக் கூவிக் காட்டுவதுதான் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது பலகுரல் வித்தை, நானும் கைதட்டுவேன். ஆனால் இசையமைப்பாளரின் வேலை அதுவன்று என்பது என் துணிபு.

கியூபாவின் லியோ புரோவர் 1939-இல் ஹவானாவில் பிறந்தவர். கித்தார்க் கலைஞர், இசையமைப்பாளர். நான்கு கித்தார்களுக்காக 1984-இல் அவர் எழுதிய ‘மழையுடன் கூடிய கியூப நிலக்காட்சி’யை விடுதி நண்பனின் கைப்பேசியில் கேட்டேன். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனித்தனிச் சுரங்கள். பிறகு சிறு சிறு தொடர்கள் திரும்பத் திரும்ப வந்து ஒன்றன்மேல் ஒன்றாய் அடர்கின்றன. உச்சத்தில் தந்தியை வலிந்து இழுத்து விடுகிறார்கள். அது கித்தாரின் கழுத்துப் பலகையில் மோதித் தெறிக்கிறது. மழையா அது? அடி!

எனக்கு எங்கள் வீட்டுத் தகரக் கூரை நினைவுக்கு வந்தது. மழை பெய்தால் அம்மாவுக்குக் களைவெட்டு இல்லை, கூலியும் இல்லை. ஒழுகும் இடங்களுக்குப் பாத்திரங்களை நகர்த்தியபடி விழித்திருப்போம். மழையை அழகென்று மட்டுமே பாடும் கவிதைகளை (இம்மலரிலும் இரண்டு இருக்கலாம்!) என்னால் முழுமனத்தோடு படிக்க முடிந்ததில்லை. புரோவரின் மழை, புயல்கள் தாக்கும் தீவின் மழை. அதில் அச்சமும் இருக்கிறது. துளியின் ஓசையை அவர் போலி செய்யவில்லை; துளிகள் கூடி மழையாகும் முறையையே எடுத்துக்கொண்டார். இயற்பியல் படிக்கும் எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

விடுமுறையில் அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். பாதியில், ‘போதும், நிறுத்துடா’ என்றார். இசை பிடிக்காமல் அப்படிச் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை.