செய்யலாம்... செய்யாமலும் இருக்கலாம்!

1994-ஆம் வருடத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. ஒன்று 110, மற்றது 111. கிராம ஊராட்சியின் கடமைகள் எவை என்று சொல்வது 110. சாலை, தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர், கழிப்பறை, சுடுகாடு... இவையெல்லாம் அதில் வரும். 111 அப்படியில்லை. ஊராட்சிக்குச் சரியென்று பட்டால் செய்து கொள்ளலாம் என்ற வேலைகளின் பட்டியல் அது. செய்யாவிட்டால், ஏன் செய்யவில்லை என்று யாரும் சட்டையைப் பிடிக்க முடியாது.

படிப்பகம், விளையாட்டுத் திடல், பூங்கா, விளையாட்டுக் கழகம், உடற்பயிற்சி நிலையம், எழுத்தறிவு மையம்... ஓர் ஊரின் இளவட்டங்களுக்கு உதவக்கூடியவை எந்தப் பட்டியலில் இருக்கின்றன? ஊகிப்பது கஷ்டமில்லை. எல்லாமே 111-இல்தான்! துணைக்கு யார் யார் என்றால் வண்டிப்பேட்டை, சந்தை, ஆடுமாடு அறுக்கும் கூடம். ஊருக்குப் பொதுவாக வானொலிப் பெட்டி வைக்கலாம் என்றுகூட அந்தப் பட்டியல் சொல்கிறது. அந்தக் காலத்து ரேடியோவும் இந்தக் காலத்து இளைஞனும் சட்டத்தின் கண்ணில் ஒரே வரிசை.

இது ஏதோ வக்கீல்கள் பேச வேண்டிய சமாசாரம் என்று தள்ளிவிட வேண்டாம். இந்த ஒரு சொல், "செய்யலாம்" என்ற சொல், ஓர் ஊரில் என்ன செய்யும் என்று பார்க்க வேண்டுமானால் செந்துறைக்குப் போனால் போதும்.

அரியலூர் மாவட்டம், செந்துறை ஒன்றியம். 30 ஊராட்சிகள். சென்னை - திருச்சி ரயில் பாதை குறுக்கே ஓடுகிறது. மேலே முந்திரி, கீழே சுண்ணாம்புக்கல். தளவாயிலும் ஆலத்தியூரிலும் சிமெண்ட் ஆலைகள். பிளஸ் டூ முடித்தவர்கள் அரியலூருக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறுவார்கள். படிப்பு முடிந்ததும் சென்னை, திருப்பூர், வளைகுடா. ஊரில் மிச்சம் இருப்பவர்கள் லாரி ஓட்டுவார்கள், முந்திரிக்காட்டுக்குப் போவார்கள், அல்லது டீக்கடை பெஞ்சில் அடுத்த அறிவிப்புக்குக் காத்திருப்பார்கள்.

இந்த வட்டாரத்தில் 1995 தொடக்கத்தில் பிறந்த ஒரு பிள்ளையை நினைத்துப் பார்க்கலாம். பிறந்தபோது திருச்சி மாவட்டம். அதே வருடம் பெரம்பலூர் மாவட்டம். 2001 ஜனவரியில் அரியலூர் மாவட்டம். 2002-இல் மறுபடி பெரம்பலூர். 2007 நவம்பரில் மறுபடி அரியலூர்! பன்னிரண்டு வயதுக்குள் நாலு தடவை மாவட்டம் மாறியாகிவிட்டது. வீடு மாறவே இல்லை. பெயர்ப் பலகை எழுதியவருக்கு மட்டும் நல்ல வருமானம். எந்த மாவட்டத்தில் இருக்கிறோம் என்றே முடிவாகாத இடத்தில், அடுத்த இருபது வருடத்துக்கு யார் திட்டம் போட்டிருப்பார்கள்?

"இளைஞர்களுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது அநியாயம்" என்று சிலர் சண்டைக்கு வரலாம். உண்மைதான். 2022 மார்ச்சில் நான் முதல்வன் வந்தது. அதே வருடம் செப்டம்பரில் புதுமைப் பெண், 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன். கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு மாதம் 1000 ரூபாய் என்பது செந்துறைப் பக்கம் சின்னத் தொகை இல்லை. பஸ் செலவும் புத்தகச் செலவும் தெரிந்தவர்கள் அதைக் கேலி செய்ய மாட்டார்கள். 2024-இல் ஊராட்சிதோறும் விளையாட்டுச் சாமான்களும் வந்தன.

ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. எல்லாமே மேலேயிருந்து வந்தவை. சென்னையில் யோசித்து, சென்னையில் பெயர் வைத்து, சென்னையில் அச்சடித்து அனுப்பியவை. வந்த மூட்டையை இறக்கி வைப்பதுதான் ஊராட்சியின் பங்கு. தன் ஊரில் பத்தாம் வகுப்போடு நின்றவர்கள் எத்தனை பேர், ஐ.டி.ஐ. முடித்துச் சும்மா இருப்பவர்கள் எத்தனை பேர், வெளியூர் போய்த் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கை எந்தச் சட்டமும் ஊராட்சியிடம் கேட்பதில்லை. குழாய் எத்தனை, கம்பம் எத்தனை என்பதற்குப் பதிவேடு உண்டு. பிள்ளைகள் எத்தனை என்பதற்கு? கிடையாது!

இதைச் சொன்னால் வழக்கமாக மூன்று பதில்கள் வரும். ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதல் பதில்: "அதெல்லாம் பஞ்சாயத்து வேலை இல்லைப்பா, கவர்மெண்ட் வேலை." அப்படியா? 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 துறைகளைப் பதினொன்றாம் அட்டவணையில் வரிசைப்படுத்தியது. அதில் 17-ஆவது தொடக்கக் கல்வியும் உயர்நிலைக் கல்வியும். 18 தொழிற்பயிற்சி. 19 முறைசாராக் கல்வி. 20 நூலகம். 21 கலை, பண்பாடு. ஐந்தும் ஒன்றாக, ஒரே இடத்தில், வரிசையாக! ஒப்படைப்பதா வேண்டாமா என்ற முடிவை மட்டும் மாநிலங்களிடம் விட்டது. அங்கேயும் அதே "லாம்". ஆகவே பஞ்சாயத்து வேலை இல்லை என்பது பொய். பஞ்சாயத்திடம் கொடுக்க மனசில்லை என்பதுதான் நிஜம்.

இரண்டாவது பதில்: "காசு எங்கே இருக்கு?" மற்ற ஊர்க்காரர்கள் இதைச் சொன்னால் கேட்டுக் கொள்ளலாம். சுண்ணாம்புக்கல் வட்டாரத்தில் உட்கார்ந்து கொண்டு சொன்னால் சிரிப்பு வராதா?

2014-இல் நிர்ணயித்தபடி சாதாரண சிமெண்ட் ரகச் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 80 ரூபாய் ராயல்டி. 2015-இல் கனிமச் சட்டத்தைத் திருத்தியபோது, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்றை உண்டாக்கினார்கள். 2015 ஜனவரி 12-க்கு முன் கொடுத்த குத்தகை என்றால் ராயல்டியில் 30 சதவீதம் அந்த அறக்கட்டளைக்குப் போக வேண்டும். அதாவது டன்னுக்கு 24 ரூபாய். இருபது டன் ஏற்றிய ஒரு லாரி ரோட்டைக் குலுக்கிக் கொண்டு போனால் 480 ரூபாய் அந்தக் கணக்கில் சேர வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை லாரி போகிறது என்பது ரோட்டோரம் குடியிருப்பவர்களின் நுரையீரலுக்குத் தெரியும்.

இந்தப் பணத்தின் பெரும்பகுதியைக் குடிநீர், சுகாதாரம், கல்வி, திறன் பயிற்சி போன்றவற்றுக்குத்தான் செலவிட வேண்டும் என்று விதியே இருக்கிறது. கல்வி, திறன் பயிற்சி! இளைஞர்களுக்காகவே எழுதியது மாதிரி இல்லை? ஆனால் அந்த அறக்கட்டளை மாவட்ட அளவிலானது. முடிவு எடுப்பது ஆட்சியர் அலுவலகத்தில். குழி ஊராட்சியில், கணக்கு மாவட்டத்தில். ஆகக் காசு இல்லை என்பது சரியல்ல. காசு வேறு மேசையில் இருக்கிறது, அந்த மேசைக்குச் செந்துறையின் இருபது வயதுக்காரர்களை யாரும் கூப்பிடுவதில்லை.

இன்னொரு வேடிக்கை உண்டு. சுரங்கம் தோண்டுகிறவர் ஒருநாள் அதை எப்படி மூடுவேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். மூடல் திட்டம் என்று அதற்குப் பெயர். அதை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். நல்ல சட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். வெட்டிய குழிக்கு எதிர்காலத் திட்டம் இருக்கிறது. குழிக்குப் பக்கத்தில் வளரும் பிள்ளைக்கு இல்லை! கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் இங்கே கிடந்த கடல் சேர்த்து வைத்த கல் இது. எடுத்தால் திரும்ப வராது. கல் தீர்ந்த பிறகு ஆலை வேறிடம் பார்த்துக் கொள்ளும். ஊர் எங்கே போகும்?

மூன்றாவது பதில்தான் அதிகம் வரும்: "கூப்பிட்டாலும் இந்தக் காலத்துப் பசங்க கிராம சபைக்கு வர்றதில்லை." வந்து என்ன செய்வார்கள்? கூட்டத்தில் பேச வேண்டிய பொருள்களே பெரும்பாலும் மேலேயிருந்து தயாராகி வரும். டெங்கு ஒழிப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, வரவு செலவு வாசிப்பு. எல்லாம் வேண்டியவையே. ஆனால் "நம்மூர்ப் பிள்ளைகள் அடுத்து என்ன செய்யப் போகிறார்கள்" என்பது ஒரு பொருளாக இருந்தால் அல்லவா பிள்ளைகள் வருவார்கள்? தவிர, கிராம சபை என்றால் வாக்காளர்கள். 15 வயதுக்காரருக்கும் 17 வயதுக்காரருக்கும் அங்கே இடமே கிடையாது.

வாக்காளர் ஆனவர்களின் கதையாவது நல்ல கதையா? உள்ளாட்சிப் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. நடந்திருக்க வேண்டிய தேர்தலை நீதிமன்றம் ரத்து செய்தது. அரியலூர் மாவட்டத்தில் வாக்குப்பெட்டி வந்தது 2019 டிசம்பரில்தான். அதாவது 2016-இல் 18 வயது ஆன ஒரு பெண், முதல் உள்ளாட்சி ஓட்டுப் போடும்போது வயது 21. 21 என்பது தலைவர் பதவிக்கே நிற்கலாம் என்று அரசியல் சட்டம் சொல்லும் வயது! அந்த மன்றங்களின் காலமும் 2025 ஜனவரி 5-இல் முடிய, ஊராட்சிகள் மறுபடி தனி அலுவலர்களிடம் போயின. முதலில் கதவைச் சாத்துவது, பிறகு யாரும் உள்ளே வரவில்லை என்று குறைபட்டுக் கொள்வது. இது என்ன நியாயம்?

செந்துறைக்குப் பக்கத்துக் குழுமூரை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. அனிதா அந்த ஊர்ப் பெண். சுமை தூக்கும் தொழிலாளியின் மகள். 2017 பிளஸ் டூவில் 1200-க்கு 1176. மருத்துவப் படிப்புக்கு அந்த மதிப்பெண் செல்லாது, நீட் மதிப்பெண்தான் செல்லும் என்று ஆனது. உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017 செப்டம்பர் 1 அன்று நாடே அந்த ஊரின் பெயரைத் தெரிந்து கொண்டது. நீட் ஊராட்சியின் கையில் இல்லை. அந்தச் சாவுக்கு எந்த ஊராட்சியும் பொறுப்பு இல்லை. அது டெல்லியிலும் சென்னையிலும் முடிவான விஷயம். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். அரியலூருக்கு மருத்துவக் கல்லூரி 2022-இல் வந்தது. அதன் அரங்கத்துக்கு அனிதா பெயர் என்று 2023-இல் அறிவித்தார்கள். குழுமூரிலேயே பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க அனிதா பெயரில் ஒரு நூலகம் வந்தது. அதற்கு முயற்சி எடுத்தது யார்? மகளை இழந்த குடும்பம். ஒரு குடும்பம் தன் துக்கத்திலிருந்து செய்ததை அரசாங்கம் தன் கடமையிலிருந்து செய்ய வேண்டாமா?

நூலகம் கட்டத் தெரியாத அரசாங்கமும் இல்லை இது. 2006 முதல் 2011 வரை அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகமும் விளையாட்டுத் திடலும் அமைத்தார்கள். வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் ஊர்க்காரர்கள் கட்டுகிறார்கள். ஆனால் கட்டடத்துக்குப் பிறகு புத்தகம் வாங்கவும் கதவைத் திறந்து வைக்கவும் யாருக்குக் கடமை? "செய்யலாம்" என்று எழுதிய சட்டத்தில் பூட்டைத் திறப்பதும் "லாம்" ஆகிவிடுகிறது. பல ஊர்களில் அந்தப் பூட்டு துருப்பிடித்தது.

மற்ற இடங்களில் எப்படி? பக்கத்துக் கர்நாடகத்தில் 2006 முதல் சிறுவர்களுக்கென்றே தனிக் கிராம சபை நடத்துகிறார்கள். 2019-இல் கிராம நூலகங்களை ஊராட்சித் துறையிடமே ஒப்படைத்து, பிறகு அவற்றை அறிவு மையங்களாக மாற்றினார்கள். பின்லாந்தில் 2015 உள்ளாட்சிச் சட்டப்படி ஒவ்வொரு நகராட்சியும் இளைஞர் மன்றம் ஒன்றை அமைத்தே ஆக வேண்டும். அமைக்கலாம் இல்லை, வேண்டும்! பின்லாந்து பணக்கார நாடு என்று சொல்லித் தப்பிக்கலாம். கர்நாடகத்துக்கு என்ன சொல்வது?

ஆகவே கேட்க வேண்டியவை நாலே நாலு.

1. படிப்பகமும் விளையாட்டுத் திடலும் 111-இலிருந்து 110-க்கு வர வேண்டும்.

2. ஒவ்வொரு ஊராட்சியின் வருடாந்தர வளர்ச்சித் திட்டத்திலும் 15 முதல் 29 வயது வரையிலானவர்களுக்கு ஒரு பக்கம். எத்தனை பேர், என்ன படிப்பு, என்ன வேலை, என்ன தேவை.

3. கனிம அறக்கட்டளைப் பணத்தில் சுரங்க ஊர்களின் இளைஞர் பயிற்சிக்கு எவ்வளவு போனது என்ற கணக்கைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும்.

4. உள்ளாட்சித் தேர்தலை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, சொன்ன நேரத்தில் நடத்த வேண்டும்.

இதில் எதற்கும் புதுத் துறை வேண்டாம், புது அமைச்சர் வேண்டாம், திட்டத்துக்கு யார் பெயர் வைப்பது என்ற சண்டையும் வேண்டாம். முதலாவதற்குச் சட்டசபையில் ஒரு திருத்தம். இரண்டாவதற்கு ஒரு நோட்டுப் புத்தகம். மூன்றாவதற்கு ஒலிபெருக்கி. நாலாவதற்கு வெறும் காலண்டர்!

சாக்கடை அடைத்துக் கொண்டால் ஊராட்சியைக் கேட்கலாம். தெருவிளக்கு எரியாவிட்டாலும் கேட்கலாம். அந்த விளக்குக் கம்பத்தின் கீழே வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் பையனுக்காக யாரைக் கேட்பது? அதற்கு ஒரு விலாசம் சட்டத்தில் வரும்வரை, செந்துறை ரயில் நிலையத்தில் டிக்கெட் எடுத்துக் கொண்டேதான் இருப்பார்கள். பெரும்பாலும் ஒரு வழி டிக்கெட்.