பத்தரை மணிக் கையெழுத்து

ஜாமீன் கிடைத்துவிட்டது என்று வழக்கறிஞர் போனில் சொன்ன அன்றே மகன் வீட்டுக்கு வந்துவிடுவான் என்றுதான் அந்த அம்மா நினைத்திருந்தார். அம்பத்தூர்ப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நான் அவரைப் பார்த்தது பதினோராவது நாள். மஞ்சள் பையில் ஆதார் நகல், ரேஷன் அட்டை, தம்பி வீட்டு வரி ரசீது, பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள். உத்தரவின்படி இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும். ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும். அதற்கு அவரே இருக்கிறார். இன்னொருவராகத் தம்பி வரத் தயார். ஆனால் வரி ரசீது இன்னும் இறந்துபோன அப்பா பெயரிலேயே இருக்கிறது. அக்கம்பக்கத்தில் கேட்டாயிற்றா என்றேன். "கையெழுத்துன்னாலே எல்லாரும் பயப்படுறாங்க சார்" என்றார். பையன் புழல் சிறையில் இருக்கிறான்.

இங்கே நீதிமன்றம் யாரையும் பணம் கட்டச் சொல்லவில்லை. தேவைப்பட்டால் கட்டக்கூடிய ஓர் ஆளைக் காட்டச் சொல்கிறது. சொந்த வீடும் அரசு வேலையும் உள்ள சொந்தக்காரர் இருந்தால் இது ஒரு மதிய வேலை. தானும் வாடகை வீட்டில், சொந்தக்காரர்களும் வாடகை வீட்டில் என்று இருப்பவர்களுக்கு இது வாரக்கணக்கில் இழுக்கிறது. தொழிற்பேட்டையில் காண்ட்ராக்டில் வேலை செய்யும் ஒடிசா, பீகார் இளைஞனின் ரத்த உறவு வெகு தொலைவில் இருக்கிறது. ஒரே சட்டப்பிரிவு, ஒரே உத்தரவு. ஒருவன் அன்று மாலையே வெளியே, மற்றவன் அடுத்த மாதமும் உள்ளே.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் மீது குற்றம் நிரூபிக்கப்படவில்லை. மக்கள்தொகையில் 16.6 சதவீதமாக இருக்கும் பட்டியல் சாதியினர், விசாரணைக் கைதிகளில் ஏறத்தாழ 21 சதவீதம். ஏழ்மையும் சாதியும் குற்றத்துக்குக் காரணம் என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. யாருக்குக் கையெழுத்துப் போட ஆள் இல்லை என்பதும் இந்தக் கணக்கில் கலந்திருக்கிறது.

1978-லேயே மோத்தி ராம் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதைத் தொட்டுக் காட்டினார். ஒரு கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டது கீழ் நீதிமன்றம். சகோதரர் முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தது. உச்ச நீதிமன்றம் ஆயிரம் ரூபாய்க்கான சொந்தப் பிணைப் பத்திரத்தில் அவரை விடச் சொன்னது. அதற்கும் முன்பே, 1961-ல், நியூயார்க்கில் வேரா நிறுவனம் ஒரு சோதனை நடத்தியது. கைதானவரின் வேலை, முகவரி, குடும்பம் ஆகியவற்றை விசாரித்து, நம்பத் தகுந்தவர்களைப் பணமில்லாமல் அனுப்பினார்கள். வாய்தாவுக்கு வராமல் ஏமாற்றியவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. மனிதனைத் திரும்ப வரவழைப்பவை அவனுடைய வேலையும் வீடும் என்பது அங்கே தெரிந்தது. நாமோ ஜாமீன் என்ற பெயரிலேயே அந்த வேலையைப் பறிக்கிறோம்.

வெளியே வந்தவுடன் தொடங்குகிறது அடுத்த கட்டம்: மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. எட்டு மணி ஷிப்டுக்குப் போகிறவன் பத்தரைக்கு எப்படி வெளியே வருவான்? சூப்பர்வைசர் இரண்டு நாள் பொறுப்பார். மூன்றாம் நாள் கேட்டில் வேறு ஆள் நிற்பான். அதனால்தான் சிலர் செய்யாத குற்றத்தைக்கூட ஒப்புக்கொண்டு அபராதம் கட்டித் தலைமுழுகிவிட நினைக்கிறார்கள். கையோடு ஒட்டிக்கொள்ளும் குற்றவாளி என்ற பெயர், அடுத்த முறை அந்த வட்டாரத்தில் ஏதாவது காணாமல் போகும்போது முதலில் கதவைத் தட்டுகிறது.

துணைக்கு ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதே வட்டாரத்தில் ஓர் உதாரணம் உண்டு. பூந்தமல்லியை நாடு நினைவில் வைத்திருப்பது ராஜீவ் காந்தி கொலை வழக்கை விசாரித்த தனி நீதிமன்றத்துக்காக. 1998 ஜனவரி 28-ல் அங்கே 26 பேருக்கும் தூக்குத் தண்டனை. 1999 மே 11-ல் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. சிறு குற்றங்களுக்கான தண்டனையை ஏற்கெனவே உள்ளே கழித்துவிட்டதால் வெளியே வந்தார்கள். பழ. நெடுமாறன் போன்றவர்கள் நிதி திரட்டி, வழக்கறிஞர்களைத் திரட்டி அந்த மேல்முறையீட்டை நடத்தினார்கள். பைக் திருட்டு வழக்கில் சிக்கிய பையனுக்கு யார் நிதி திரட்டுவார்கள்?

கண்டிப்பாக இருக்காவிட்டால் ரவுடிகள் தப்பிவிடுவார்கள் என்பது காவல்துறையின் கவலை. 2022 ஜனவரியில் அம்பத்தூரையும் சேர்த்து ஆவடிக்குத் தனிக் காவல் ஆணையரகம் வந்ததற்கும் இந்தப் பகுதியின் வேகமான வளர்ச்சி ஒரு காரணம். கவலையைத் தள்ளிவிட முடியாது. ஆனால் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காமல் தவிப்பது பெரிய ரவுடி அல்ல.

2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழி இருக்கிறது. உத்தரவு வந்து ஏழு நாளில் வெளியே வராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பத்திரம் தாக்கலாகாவிட்டால் நீதிமன்றமே நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரரை வலியுறுத்த வேண்டாம் என்றும் அறிவுறுத்தியது. ஏழைக் கைதிகளுக்காக ஒன்றிய அரசு பண உதவி செய்யும் திட்டமும் இருக்கிறது. ஆளுக்குப் பதில் பணத்தை நீதிமன்றம் ஏற்றால்தான் அது பயன்படும். புழலிலிருந்து அந்த ஏழாம் நாள் பட்டியல் வாராவாரம் போகிறதா என்று மாவட்ட நீதிபதிகள் கேட்கலாம். கையெழுத்தை ஞாயிற்றுக்கிழமைக்கோ ஷிப்டு முடிந்த பிறகோ மாற்றலாம். உத்தரவில் ‘காலை 10.30’ இருக்கும் இடத்தில் ‘மாலை 7’ என்று எழுத எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை.