மிட்டாய் வேண்டாம், தண்ணீர் வேண்டும்!



“பாடப் பாட ராகம், மூட மூட ரோகம்” என்பது பழமொழி. ஆனால் தொண்டை காய்ந்து போனால் ராகம் எங்கிருந்து வரும்? கட்டைக் குரல்தான் வரும்! நம்ம பள்ளியில் காலை பிரேயரில் பாடுகிற எல்லாருக்கும் இது தெரியும். தமிழ்த்தாய் வாழ்த்து பாட 55 விநாடிதான் ஆகும். அதற்குள்ளேயே இரண்டு பேருக்குக் கம்மிவிடும், ஒருத்திக்கு இருமல் வந்துவிடும். உடனே எல்லாரும் சொல்லும் வைத்தியம், “ஒரு விக்ஸ் மிட்டாய் வாயில போட்டுக்கோ” என்பதுதான். அது வைத்தியமே இல்லை என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

தொண்டைக்குள் என்ன நடக்குது?

நம் தொண்டையில் இரண்டு குரல் நாண்கள் இருக்கின்றன. பெண்கள் சாதாரணமாகப் பேசும்போதே அவை விநாடிக்குச் சுமார் 200 தடவை ஒன்றோடொன்று தட்டுகின்றன. மேல் ஸ்தாயியில் பாடினால் 400-ஐயும் தாண்டும். இவ்வளவு வேகமாகத் தட்டினால் தேயாதா? தேயாமல் இருக்கத்தான் அவற்றின் மேல் மெல்லிய ஈரப்பசை இருக்கிறது. தையல் மிஷினுக்கு எண்ணெய் விடுகிற மாதிரி! உடம்பில் தண்ணீர் குறைந்தால் அந்தப் பசை கெட்டியாகிவிடும். அப்போதுதான் குரல் கரகரக்கும்.

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கு. நாம் குடிக்கிற தண்ணீர் குரல் நாண்களைத் தொடுவதே இல்லை! விழுங்கும்போது மூச்சுக்குழாயை ஒரு மூடி மூடிக்கொள்ளும். தண்ணீர் வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, அப்புறம்தான் அந்த ஈரப்பசைக்கு வந்து சேரும். அதனால் மேடை ஏறும் முன்னாடி மடமடவென்று குடித்தால் வாய்தான் நனையும். காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தவங்களுக்குத்தான் குரல் கைகொடுக்கும்.

கர்நாடக சங்கீதக் கச்சேரிகளில் பாடகர் பக்கத்தில் வெந்நீர் ஃப்ளாஸ்க் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நடுநடுவே ஒரு வாய் குடிப்பார்கள். நம்ம வடசென்னை கானா பாடகர்களோ சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிறவர்கள். அவர்களுக்கு யார் ஃப்ளாஸ்க் வைத்தார்கள்? ஆண்களே பாடி வந்த அந்தக் கானாவைப் பாடி, 2020-இல் பி.பி.சி.யின் உலக அளவிலான 100 பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தவர் நம்ம வடசென்னை இசைவாணி. நம்ம ஏரியாப் பெண் குரல் உலகம் முழுக்கக் கேட்கும்போது, நம்ம பள்ளிப் பெண்களின் குரல் கிரவுண்டைத் தாண்டக் கூடாதா?

வீட்டு வைத்தியம் எதற்கு?

பாட்டி சொல்லும் வைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. பனங்கற்கண்டும் மிளகும் வாயில் அடக்கினால் எச்சில் நன்றாக ஊறும், இதமாக இருக்கும். உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளிப்பதும் நல்லது. ஆவி பிடித்தால் ஈரக்காற்று நேராகக் குரல் நாண்களையே தொடும். ஆனால் சுடுதண்ணி கொட்டிவிடும் ஆபத்து உண்டு, பெரியவங்க பக்கத்தில் இருக்க வேண்டும். அதிமதுரத்தை ரொம்ப நாள், ரொம்ப அதிகமாக எடுத்தால் இரத்த அழுத்தம் ஏறும். மிட்டாயில் இருப்பது ஜில்லென்ற உணர்ச்சி மட்டும்தான். கரகரவென்று கனைக்கவும் கூடாது, அது நாண்களை மோதவிடும். குசுகுசுவென்று பேசினாலும் குரலுக்கு ஓய்வு கிடையாது. இரண்டு மூன்று வாரம் ஆகியும் குரல் சரியாகவில்லை என்றால் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்ப்பதே நல்லது.

“எஸ்.பி.பி. ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டே நல்லாப் பாடலையா?” என்று பையன்கள் கேட்பார்கள். அவர் குரல் அவருக்கு! நமக்குத் தண்ணீரே போதும்.

நம்ம ஊர் காற்று

நம்ம தொண்டைக்கு இன்னொரு சோதனையும் உண்டு. கன்டெய்னர் லாரிப் புழுதி, அனல் மின் நிலையத்துச் சாம்பல், சில ராத்திரிகளில் மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. ஜனங்கள் தொண்டை எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் தெருவுக்கு ஓடிவந்தார்கள். அமோனியா ஈரத்தைத் தேடிப் போய்க் கரையும் வாயு. கண்ணும் தொண்டையும் ஈரமானவை, அதனால் முதலில் அவைதான் எரியும். பாடகர் டி.எம்.கிருஷ்ணா 2017-இல் “புறம்போக்கு” பாட்டை எண்ணூரில் நின்று, நம்ம மெட்ராஸ் பேச்சுத் தமிழிலேயே பாடினார். அவர் பாடிவிட்டுப் போகலாம். நாம் தினமும் இந்தக் காற்றில்தான் பாட வேண்டும். காற்றை நம்மால் இன்றைக்கே மாற்ற முடியாது. தண்ணீரை மாற்றலாமே!

ஏன் குடிக்க மாட்டேங்கிறோம்?

இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். கேரளப் பள்ளிகளில் 2019-இல் தண்ணீர் மணி வந்தது. 2025-இல் நம்ம தமிழ்நாட்டிலும் அறிவித்தார்கள். நல்ல திட்டம். ஆனால் மணி அடித்தாலும் பெண் பிள்ளைகள் பாதிப் பேர் பாட்டிலைத் திறப்பதில்லை. தாகம் இல்லையா? இருக்கு! குடித்தால் பாத்ரூம் போகணும். அங்கே ஒரு கதவில் தாழ்ப்பாள் இல்லை. தோழி ஒருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பக்கெட்டில் சில நாள் தண்ணீர் இருக்காது. மாதத்தில் அந்த நாட்களில் கேட்கவே வேண்டாம். அதனால் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம் வரை ஒரு வாய் கூடக் குடிக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். இது குரலை மட்டுமா கெடுக்கும்? நீர்க்கடுப்பு, தலைவலி, எல்லாமே வரும். காய்ந்த தொண்டையோடு நிற்கிற பிள்ளைகிட்ட “சத்தமாப் பாடு” என்று சொன்னால் அவள் எப்படிப் பாடுவாள்?

“தண்ணி குடிச்சா வகுப்பு நடுவுல எழுந்து போவாங்க” என்று சிலர் சொல்வது நியாயமே. அதற்குத்தான் வழி கேட்கிறேன்.

என் வேண்டுகோள்:

1. தண்ணீர் மணியோடு பாத்ரூம் போகவும் ஐந்து நிமிடம் தர வேண்டும். நேரம் ஒதுக்கிவிட்டால் பாடம் நடுவில் யாரும் எழ மாட்டார்கள்.

2. பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள், ஒரு பக்கெட், மக், மூடி போட்ட குப்பைத் தொட்டி. தினமும் தண்ணீர் நிரப்புவதை வகுப்புக்கு ஒரு நாள் என்று நாங்களே முறை போட்டுச் செய்கிறோம்.

3. பிரேயருக்கு முன் கிரவுண்டைத் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்க வேண்டும். இப்போது பறக்கிற புழுதியை முதலில் விழுங்குவது முன்வரிசையில் நின்று பாடுகிறவர்கள்தான்.

இது பாடுகிற பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை. நாள் முழுக்கப் பாடம் சொல்லித் தருகிற எங்கள் டீச்சர்களுக்கும் தொண்டை ஒன்றுதானே! சாயங்காலம் அவர்கள் குரல் கம்மிப் போவதை நாங்கள் தினமும் கேட்கிறோம். தெருத் தெருவாக “மீனே... மீனு” என்று கூவுகிற எங்கள் அம்மாக்களுக்கும் அப்படித்தான்.

தோழிகளே! ஒரு தாழ்ப்பாளின் விலை என்ன பெரிய விலை? ஆண்டு விழாவுக்கு வாங்கும் மிட்டாய்ப் பாக்கெட்டுகளை விடக் குறைவாகத்தான் இருக்கும். அதை முதலில் வாங்குவோம். அப்புறம் பாருங்கள், எங்கள் பாட்டு விம்கோ நகர் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும்!

சிந்திப்போம்! செயல்படுவோம்!

– ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி