கெடுவைச் சொன்னால் என்ன?

கிரிமினல் வழக்கில் தண்டனை பெற்றவர் அப்பீல் செய்யச் சட்டம் கெடு விதித்திருக்கிறது. தாதர், குர்லா போன்ற மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் தண்டிக்கப்பட்டவர் 30 நாட்களுக்குள் செஷன்ஸ் கோர்ட்டை அணுக வேண்டும். செஷன்ஸ் கோர்ட் தண்டித்தால் ஹைகோர்ட்டுக்குப் போக 60 நாள். மரண தண்டனையானால் 30 நாள்தான். வக்கீல்களுக்கு இது மனப்பாடம். தண்டனை பெற்றவருக்குத் தெரியுமா என்பதே கேள்வி.

1978ல் சுப்ரீம் கோர்ட் தீர்த்த ஹோஸ்காட் வழக்கை நினைவூட்ட விரும்புகிறோம். அவர் படிப்பறியாதவர் அல்ல. பல்கலைக்கழகத்தில் ரீடராக இருந்தவர். போலிப் பட்டங்கள் பற்றிய வழக்கில் 1973 நவம்பரில் பம்பாய் ஹைகோர்ட் அவருக்கு மூன்றாண்டுக் கடுங்காவல் விதித்தது. தீர்ப்பு நகலை எரவாடா சிறைக்கு உடனே அனுப்பியதாக சர்க்கார் கூறியது. தம் கைக்கு வரவேயில்லை என்றார் அவர். கொடுத்ததற்குக் கையெழுத்தில்லை. தண்டனையை முழுவதும் அனுபவித்த பின்னர், நான்காண்டுக்கு மேற்பட்ட தாமதத்துடன் அவரது மனு சுப்ரீம் கோர்ட்டை எட்டியது. மனு தள்ளுபடியாயிற்று. ஆனால் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அதோடு விடவில்லை. தீர்ப்பு நகல் காலத்தில் இலவசமாகக் கைதிக்குச் சேர வேண்டும், அதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும், அப்பீலுக்குச் சிறை அதிகாரிகள் வசதி செய்ய வேண்டும், வழியற்றவருக்கு வக்கீல் அமர்த்த வேண்டும் என்று வகுத்தார்.

படித்தவர் கதியே இதுவென்றால், தாராவியில் தோல் வேலை செய்பவரும் மாதுங்கா ஓட்டல் ஊழியரும் என்ன செய்வார்கள்? தீர்ப்பு மராத்தியிலோ இங்கிலீஷிலோ இருக்கும். தண்டனை மூன்றாண்டுக்கு மேற்படாவிட்டால், ஜாமீனில் இருந்தவருக்கு அப்பீலுக்காகத் தண்டித்த கோர்ட்டே ஜாமீனை நீட்டிக்கலாம். அதையே விடுதலையென்று எண்ணி ஊருக்கு ரயிலேறினால் கெடு ஓடிவிடும். பின்னால் வாரண்ட்தான் வரும்.

சட்டத்தில் கதவுகள் இல்லாமலில்லை. சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலை உடனே இலவசமாகத் தரவேண்டும். அப்பீலுக்குரிய தீர்ப்பானால், இயன்றவரை அவரவர் தாய்மொழியில் மொழிபெயர்ப்பும் கேட்கலாம். தீர்ப்பு நாளும், நகல் பெறத் தேவைப்படும் நாட்களும் கெடுவில் சேரா. சிறையிலிருப்பவர் அப்பீல் மனுவைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை கோர்ட் மன்னிக்கலாம். ஆனால் மன்னிப்பு கோர்ட்டின் விருப்பம். கெடுவுக்குள் போவதோ நமது உரிமை.

இதில் ஒரு விசித்திரம். மரண தண்டனை பெற்றவருக்கு மட்டும், அப்பீல் கெடு இத்தனை நாள் என்று கோர்ட்டே தெரிவிக்க வேண்டுமென்கிறது சட்டம். 1973ம் வருடச் சட்டத்தில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள புதிய சட்டத்திலும் மாறவில்லை. பத்தாண்டு சிறைக்குப் போகிறவருக்குச் சொல்ல வேண்டாமா? தண்டனை பெறும் ஒவ்வொருவருக்கும் கெடு தேதியை அவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுக்க விதி செய்ய வேண்டும். இதனால் சர்க்காருக்குப் பெருஞ்செலவில்லை. ஒரு சீட்டு போதும்.

அதுவரை நம்மவர்கள் விழிப்புடன் இருக்க வேண்டும். காவலில் உள்ளவர்கள், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு 1987ம் வருடச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். மும்பைத் தமிழ்ச் சங்கங்கள் இதை நம் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். தண்டனை என்று காதில் விழுந்த அன்றே கேட்க வேண்டியது ஒன்றுதான்: அப்பீலுக்குக் கடைசி நாள் எது?