ராக்கிக்கு வழி உண்டு, ரப்பருக்கு இல்லை

2019 டிசம்பர் நமக்கு இரண்டு செய்திகளை வைத்துவிட்டுப் போயிற்று. 12-ஆம் தேதி வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. தபாலிலோ கூரியரிலோ ‘அன்பளிப்பு’ என்று வரும் பொருளுக்கு இருந்த ஐயாயிரம் ரூபாய் வரிச் சலுகை போயிற்று. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு. மற்றதெல்லாம் முழுத் தீர்வை கட்டினால்தான் உள்ளே வரும். அதே மாதம் இங்கிலாந்தின் ஸ்டெய்னிங்கில் இருக்கும் எஸ்எம்இ கம்பெனி, ரெக்கார்டு பிளேயரில் முள்ளைத் தாங்கும் கையான டோன்ஆர்மை இனித் தனியாக விற்பதில்லை, தன் டர்ன்டேபிளோடு சேர்த்துத்தான் தரும் என்று அறிவித்துவிட்டது.

போனில் பேசிய வாசகர்களில் பெரும்பாலானோர் எஸ்எம்இ பற்றித்தான் புலம்பினார்கள். அதை முதலில் முடித்துவிடுகிறேன். அவர்களுடைய எம்2-9, 309, ஐந்தாம் மாடல் ஆர்ம்கள் என்று பணம் சேர்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது இழப்புதான். பழைய ஆர்ம்களின் விலையும் ஏறும். ஏலத்தில் விடுகிறவர் ‘இனிக் கிடைக்காது’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வார். ஆனால் நம் மேசைகளில் கிடப்பவை பெரும்பாலும் எஸ்எம்இயின் பழைய 3009 இரண்டாம் வரிசை ஆர்ம்கள். அவற்றின் உற்பத்தி எப்போதோ நின்றுபோனது. 1959-இல் தனக்கென்று ஓர் ஆர்ம் செய்துகொண்டு பிறகு ஊருக்கு விற்ற ராபர்ட்சன்-ஐக்மனின் அந்தக் கம்பெனி, 2016-இல் புனே அஜய் ஷிர்கேயின் கேடன்ஸ் குழுமத்தின் கைக்குப் போனது. காரர்ட் என்ற பழைய டர்ன்டேபிள் பெயரும் 2018-இல் அங்கேயே போய்ச் சேர்ந்தது. முதலாளி நம் நாட்டுக்காரர் என்பதால் நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அது வியாபார முடிவு. ஷூர் 2018-இல் கார்ட்ரிட்ஜை நிறுத்தியபோதும் இதே புலம்பல்தான். அடுத்த மாதமே எல்லோரும் வேறு முள் வாங்கிக்கொண்டோம்.

அன்பளிப்பு விஷயம் அப்படிப்பட்டதல்ல. பத்துப் பதினைந்து வருஷமாக நம் வேலை ஓடியதே அந்த உறைகளில்தான். லெஸ்டரில் இருக்கும் மச்சினன், ஷார்ஜாவில் தங்கை மகன், சிங்கப்பூரில் கல்லூரித் தோழன். ஆர்ம் அசைந்தாடும் கத்திமுனை பேரிங் இரண்டு, நான்கு கார்ட்ரிட்ஜ் கிளிப், ஒரு மீட்டர் ஆர்ம் வயர், பையஸ் எடைக்கான நைலான் நூல். எல்லாம் சேர்ந்து ஐம்பது கிராம் தேறாது. நாமும் முழு யோக்கியர்கள் இல்லை. ‘கிஃப்ட்’ கட்டத்தில் டிக் அடித்து அனுப்புங்கள் என்று வெளிநாட்டுக் கடைக்காரருக்கே எழுதியவர்கள் நம்மில் உண்டு, நானும் எழுதியிருக்கிறேன். சீனத்து ஆன்லைன் வியாபாரிகள் செருப்பையும் செல்போன் உறையையும் அன்பளிப்பு என்ற பெயரில் கொண்டுவந்து கொட்டியதை அரசு அடைக்க நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது. எனக்கு உறுத்துவது வேறு. ராக்கிக்கு விலக்கு கொடுத்தவர்கள், அதோடு சேர்ந்து வரும் பரிசுக்கு விலக்கு இல்லை என்றும் மறக்காமல் எழுதியிருக்கிறார்கள். கயிறு வரைக்கும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த கைக்கு ‘உதிரிப்பாகம்’ என்ற ஒரு சொல் தோன்றவில்லை.

2017-இல் எனக்கு வந்த உறை ஒன்று ஞாபகம் வருகிறது. எந்த ஊர், எந்த அலுவலகம் என்பதெல்லாம் வேண்டாம். மச்சினன் பொறுப்பாக விவரச் சீட்டில் ‘நைஃப் எட்ஜ்’ என்று எழுதிவிட்டான். நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. போனேன். அதிகாரி உறையைப் பிரித்து, பட்டாணி அளவு பித்தளைத் துண்டை மேசைமேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல எதுங்க கத்தி?” என்றார். முனையைக் காட்டினேன். விரலை வைத்து ஓட்டிப் பார்த்தார், வெட்டவில்லை. சுங்கக் கோடு எண் என்ன என்றார். 8522, ரெக்கார்டு பிளேயர் உதிரிப்பாகம் என்றேன். தபாலில் சொந்த உபயோகத்துக்கு வந்தால் 9804 என்றார். அதில் அவர் சொன்னதுதான் சரி. பதினோரு நாள் கழித்துத் துண்டு கைக்கு வந்தது. மாட்டி ஒரு வாரம் கேட்டுவிட்டு, மேல் ஸ்தாயியில் ஒரு கூர் தட்டுகிறது என்று பழைய நைலான் கத்திமுனையையே திரும்பப் போட்டேன். அந்த மெல்லிய குழாய்க்கு நைலானை வைத்தவர் விவரம் தெரியாமல் வைக்கவில்லை. நைலானில் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றுங்கள். பித்தளை என்பதற்காகவே மாற்றாதீர்கள்.

இப்போது என் மேசையில் பொள்ளாச்சியிலிருந்து வந்த 3009 ஒன்று கிடக்கிறது. பக்கவாட்டில் இரும்பு ஸ்கேலை வைத்தால் வால் மூன்று மில்லிமீட்டர் கீழே தொங்குகிறது. காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: பின்பாரத்தைக் குழாயிலிருந்து பிரித்து வைக்கும் ரப்பர். ஓட்டு வீட்டு மச்சில், எத்தனையோ சித்திரை வெயில் பார்த்திருக்கிறது. கழற்றினால் பாதி வெல்லப்பாகு மாதிரி இழுத்தது; மீதி கரி மாதிரி உதிர்ந்தது. கொண்டுவந்தவர், “நகைக்கடைத் தராசுல வச்சுப் பாத்தேனுங்க, ஒண்ணேகால் கிராம் சரியாத்தான் காட்டுது” என்றார். காட்டும். தட்டையான பிளேட்டில் எல்லாம் சரியாகவே இருக்கும். வளைந்த பிளேட்டில் கை மேலேறும்போதுதான், தாழ்ந்து தொங்கும் பாரம் முள்ளை வரிக்குள் இன்னும் அழுத்தும். நம் வீடுகளில் வளையாத பிளேட்டு எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த அறிவிக்கைக்கு முன்பாக இருந்தால் லெஸ்டருக்கு ஒரு போன், மூன்று வாரத்தில் ரப்பர். இனி முந்நூறு ரூபாய் ரப்பருக்கும் தீர்வை, கூரியர்காரரின் கட்டணம், காகிதம். சரி, இங்கேயே செய்துகொள்வோம் என்று கிளம்பினால்தான் நம் லட்சணம் தெரிகிறது. இந்த ரப்பரை மாற்றியவர்கள் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் பத்துப் பேரையாவது எனக்குத் தெரியும். ஒருவர் பம்புசெட் ஓ-ரிங் போட்டார். ஒருவர் சைக்கிள் வால்வு டியூப். இன்னொருவர் மீன் தொட்டி சிலிக்கான் குழாயை நறுக்கிச் செருகினார். எல்லாம் வேலை செய்தன. உள்விட்டம் எவ்வளவு, சுவர்த் தடிமன் எவ்வளவு, எத்தனை ஷோர் கடினம்? பத்துப் பேரில் ஒருவரிடமும் எழுதிவைத்த தாள் இல்லை.

இந்தக் குறையை நான் எழுதாத வருஷம் இல்லை என்று சலித்துக்கொள்ளும் வாசகர்கள் உண்டு. சலித்துக்கொள்ளுங்கள். மைக் செட் காலத்திலிருந்தே நம் ஊர் வியாதி இது. சீருக்கும் நோம்பிக்கும் மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, ஒரு நாளைக்கு நூறு பிளேட்டு ஓட்டியவர்களுக்கு ஆர்ம் பேரிங்கை விரல் நுனியால் சரிசெய்யத் தெரிந்திருந்தது. விரலோடு போயிற்று. கொடுமுடி சுந்தராம்பாளின் 78 பிளேட்டுகளை 3009-இல் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கு ஆசை. 78-க்கு அவர் வைத்திருந்தது கனத்த பழைய ஜிஇ கார்ட்ரிட்ஜ். ஆர்மின் பின்பாரம் அதைச் சமன்செய்யவில்லை. கணபதியில் ஒரு பட்டறையில் கூடுதல் பாரம் கடைந்து மாட்டினார். நான் காதால் கேட்டேன், குரல் எதிரே உட்கார்ந்து பாடியது. அவர் காலமாகி நான்கு வருஷம். அந்தப் பாரம் இப்போது என் இழுப்பறையில் இருக்கிறது. எத்தனை கிராம் என்று நிறுத்துவிடலாம். எந்த ஹெட்ஷெல்லோடு, வாலில் எந்த இடத்தில் வைத்தார் என்று அவர் மகனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. நிமிஷத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றும் ஸ்பிண்டிலுக்குத் தாங்கி செய்கிற ஊர் இது. ஒரு சுற்றுகூடச் சுற்றாத ஆர்முக்குக் கத்திமுனை செய்ய முடியாதா? ஆவாரம்பாளையத்தில் கேட்டுப் பாருங்கள். “ஒத்தப் பீசாங்ண்ணா? ஆயிரம் பீசுன்னா சொல்லுங்க, ஓட்டித் தர்றேன்” என்பார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. ஒற்றைப் பீசுக்கு மெஷினை செட் செய்தால் கூலி கட்டாது. பத்துப் பேர் சேர்ந்து ஐம்பது பீசு என்று போனால் கட்டும். சேர்வதற்கு எல்லோருக்கும் ஒரே வரைபடம் வேண்டும். அந்த வரைபடம் எங்கே?

நூற்பாலைக்கு 1956-லிருந்து சிட்ரா இருக்கிறது, பம்புக்கு சிடார்க் இருக்கிறது. நமக்கும் ஒரு ஆராய்ச்சி நிலையம் கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. பழைய கருவிகளின் உதிரிகளுக்கு அளவுத் தாள் தயாரிக்கச் சின்ன உதவி கேட்டு, இந்த இதழின் பெயரில் மூன்று அலுவலகங்களுக்கு எழுதினேன். ஒன்றிலிருந்து பதிலே இல்லை. ஒன்று, இது கலை பண்பாட்டில் வரும் என்றது. பண்பாட்டுக்காரர்கள், இது குறுந்தொழிலில் வரும் என்றார்கள். உதிரி உள்ளே வரும்போது மட்டும் எட்டு இலக்கக் கோடு சட்டென்று கிடைத்துவிடுகிறது.

அதோடு விட்டார்களா? தீர்வை கட்டிக் கொண்டுவந்துகொள் என்கிறார்களே, எதைக் கொண்டுவருவது? வர்த்தகக் கொள்கையின் 2.31-ஆம் பத்தியைப் படியுங்கள். மூலதனப் பொருள் அல்லாத பழம்பொருள் எதுவானாலும் ‘கட்டுப்படுத்தப்பட்டது’. வியாபாரமாகத் தருவித்தால் அனுமதி வாங்க வேண்டும். 1965-இல் செய்த ஆர்மைப் புதிதாக எங்கே போய் வாங்குவது? கிடங்கு கிடங்காக வரும் உடைந்த கம்ப்யூட்டரை மனதில் வைத்து எழுதியதுபோல் இருக்கிறது அந்த விதி. அதில் ஒற்றை ஆர்மும் மாட்டிக்கொள்கிறது. எழுதியவர்கள் ஒருவரும் ஒரு பிளேட்டைக்கூட முள் வைத்துக் கேட்டவர்களாகத் தெரியவில்லை. இதைச் சொல்லக்கூடாது என்று துணையாசிரியர் இரண்டு முறை அடித்தார்; மூன்றாம் முறை நானே திரும்ப எழுதிவிட்டேன்.

இதழின் நிலை என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். ‘அன்பளிப்பு’ என்று எழுதச் சொல்லாதீர்கள். மாட்டினால் உறை திரும்பிப் போகும், அனுப்பியவருக்கும் தலைவலி. உறவுக்காரர்களிடம் சொல்லி விவரச் சீட்டில் ‘ரெக்கார்டு பிளேயர் உதிரிப்பாகம்’ என்று எழுதவையுங்கள். நைஃப் என்ற சொல்லே வேண்டாம். நல்ல ஆர்ம் ஒன்றைப் பிரித்து இன்னொன்றுக்கு உதிரி எடுக்கும் பழக்கம் இந்த அறிவிக்கைக்குப் பிறகு கூடும். அப்படிப் பிரித்து விற்கும் விளம்பரங்களை இந்த இதழ் இனி வாங்காது.

பொள்ளாச்சி ஆர்மின் வரைபடம் பின் அட்டையில் இருக்கிறது. உருகிப்போன ரப்பரிலிருந்து மூல அளவு எடுக்க முடியாது. பின் குழாயின் உள்விட்டத்தையும் தண்டின் வெளிவிட்டத்தையும் மைக்ரோமீட்டரில் எடுத்து, நடுவில் மிஞ்சிய இடத்தைத் தடிமனாகப் போட்டிருக்கிறேன். தொங்காத வாலோடு 3009 வைத்திருப்பவர்கள் கழற்ற வேண்டாம். குழாய்க்கும் வாலுக்கும் நடுவில் தெரியும் இடைவெளியில் ஃபீலர் கேஜ் வைத்து, மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு அளவு எடுத்து, ஆர்மின் வரிசை எண்ணோடு மாசி இதழுக்குள் அனுப்புங்கள். இருபது அளவு சேர்ந்தால் ஆவாரம்பாளையத்துக்கு நானே போகிறேன்.