சாக்கடை ஆன ஆறு: பில் யார் தலையில்?

ஒரே வட்டாரத்தில் 2 ஆறுகள். ஒன்றின் தண்ணீரைக் குடித்தார்கள். இன்னொன்றில் மலத்தைக் கொட்டினார்கள்!

இது நடந்தது ஜெர்மனியின் மேற்குப் பகுதியில். குடிக்க ரூர் ஆறு. கொட்டுவதற்கு எம்ஷர் ஆறு.

டார்ட்மண்ட் நகருக்குப் பக்கத்தில் பிறந்து, சுமார் 80 கிலோ மீட்டர் ஓடி, ரைன் நதியில் கலக்கிறது எம்ஷர். நிலக்கரிச் சுரங்கமும் இரும்பு ஆலையும் வந்தன. ஜனங்கள் குவிந்தார்கள். கழிவு எல்லாம் ஆற்றுக்குப் போனது. காலராவும் டைபாய்டும் பரவின.

1899-ல் நகரசபைகளும் சுரங்க முதலாளிகளும் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். வளைந்து ஓடிய ஆற்றை நேராக்கி, கான்கிரீட் போட்டு, திறந்த சாக்கடை ஆக்கினார்கள். "மல ஓடை" என்பது ஊர்க்காரர்களே வைத்த பட்டப்பெயர்.

ஏன் மூடவில்லை?

குழாய் போட்டு பூமிக்கடியில் கொண்டுபோகக் கூடாதா? முடியாது! கீழே நிலக்கரியை வெட்ட வெட்ட, மேலே தரை இறங்கியது. சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேல்! குழாய் புதைத்தால் உடைந்து போகும். அதனால் சுரங்கம் ஓடுகிற வரை ஜனங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். வேலிக்கு அந்தப் பக்கம் தவறி விழுந்தால் செங்குத்தான கரையில் ஏறி வருவதும் கஷ்டம்.

சுரங்கங்கள் நகர்ந்து போன பிறகுதான் விடிவு. 1992-ல் வேலை தொடங்கியது. 51 கிலோ மீட்டர் நீளத்துக்கு பூமிக்கடியில் பெரிய கழிவுக் குழாய். மொத்தச் செலவு 550 கோடி யூரோ! கொஞ்சநஞ்சமா? 2021 கடைசியில் ஆற்றுக்குள் கழிவு விழுவது நின்றது. மீன் திரும்பி வந்தது. சபாஷ்!

யார் காசு?

அங்கேதான் இடிக்கிறது. பணத்தில் பெரும் பங்கு சங்கத்தின் உறுப்பினர் சந்தா. உறுப்பினர்களில் முக்கியமானவர்கள் நகரசபைகள். நகரசபைக்கு ஏது காசு? வீட்டுக்கு வீடு வசூலிக்கும் கழிவுநீர்க் கட்டணம்தான்!

சுரங்கக் கம்பெனிகளும் அந்தக் காலத்தில் சங்கத்துக்குப் பணம் கட்டின, வாஸ்தவம். ஆனால் அது ஆற்றைச் சாக்கடையாக நடத்துவதற்கு. மறுபடி ஆறாக்கும் நேரம் வந்தபோது சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. கடைசிச் சுரங்கம் பாட்ரோப் நகரில் 2018-ல் மூடியது. லாபம் பார்த்தது தாத்தா காலத்து முதலாளி. கட்டுவது பேரன் காலத்துக் குடித்தனக்காரர்!

இன்னொரு கணக்கும் உண்டு. இறங்கிய தரை மறுபடி ஏறாது. மழைத் தண்ணீர் தானாக வடிய வழியில்லாமல், இரவு பகலாகப் பம்பு ஓடுகிறது. நிறுத்தினால் ஊர்கள் மிதக்கும். சுரங்கத்தால் வந்த இந்த மாதிரிச் செலவுகளுக்காகவே ஓர் அறக்கட்டளை வைத்து, சுரங்கக் கம்பெனியின் சொத்திலிருந்து பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். அது நியாயம். அதே நியாயத்தை ஆற்றுக்கும் அன்றைக்கே செய்திருக்க வேண்டாமா? நிலக்கரி டன்னுக்கு இவ்வளவு என்று அப்போதே எடுத்து வைத்திருந்தால், இன்றைக்குக் கழிவுநீர் பில்லைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டியிருக்காது.

பம்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.